அரை மத்தியானத்தில் ஒரு நூல் பூ

ஐம்பத்து மூன்று வயதில், சொந்த வீட்டில், தாழ் போடாத ஓர் அறைக்குள் வாரத்துக்கு மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தவன் நான். வெளியே கூடத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னை அடைக்கவில்லை. நான் எழுதி அச்சில் வந்த ஒரு வாக்கியம் அடைத்தது. அதைத் திரும்ப எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது: ‘இரண்டு கையும் அரை மத்தியானமும் உள்ள எவரும் போட்டுவிடக்கூடிய ஐந்து இதழ் குரோஷா பூவுக்கு, நம் பெண்கள் ஏவுகணை விடுகிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.’

எழுதியபோது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு முறை நானே சிரித்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். உடைகிற சாமானை உடையாமல் அனுப்புவது என் வேலை. வைக்கோல் திணித்து, அட்டைப் பெட்டியில் அடைத்து, ஆட்டினாலும் அசையாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டி லாரி ஏற்றுவேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்து சிறு பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். அவற்றில் பாதி, ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்துவிடும்.

திரும்பி வராத பாதிக்குக் காரணம் என் மனைவி. இருபத்தைந்து வருடமாக நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள். பாராட்டியதில்லை. “இந்தப் பத்தி எதுக்குங்க?” என்பாள். அந்தப் பத்தி போய்விடும். மறுநாள் காலை இட்லி வைக்கும்போது, “இன்னொண்ணும் இருக்குது” என்பாள். அதுவும் போகும். மிச்சம் அச்சாகும். குரோஷா கட்டுரையை மட்டும் அவளிடம் காட்டாமல் அனுப்பினேன். காட்டினால் எந்த வாக்கியம் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் அப்போது வாசல் தோரணம் ஒன்றுக்காகக் குரோஷா கொக்கி ஊசியால் நூல் பூ போடக் கற்றுக்கொண்டிருந்தாள். செவ்வாய், வியாழன், சனி, மூன்று மணி முதல் ஐந்து வரை எங்கள் வீட்டுக் கூடத்தில் வகுப்பு. சொல்லித் தந்தவர் ரயில்வே காலனியிலிருந்து வரும் ஒரு அம்மாள். ஊரே அவரை அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். கூடப் படித்தவள், எங்கள் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வரைகிற பெண். வகுப்பு முடிந்து ஐந்தே காலுக்கு நல்லூர் பஸ் பிடிப்பாள்.

பத்திரிகை தபாலில் வந்தது ஒரு வியாழக்கிழமை, மூன்றரை மணிக்கு. நான் அறையில் இருந்தேன். கண் வரைகிற பெண் என் கட்டுரையை முழுவதும் சத்தமாக வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. 

“ஏவுகண வுடுற மொகம்னா எப்படிக்கா இருக்கும்?” என்றாள் அவள்.

“தெரியலயே. ரயிலு வுடுற மொகம்தான் நான் வூட்டுல பாத்துருக்கறேன்,” என்றார் அக்கா. அவர் கணவர் என்ஜின் டிரைவராக இருந்தவர்.

மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். கையில் பூவும் கொக்கி ஊசியும் இருந்தன.

“அரை மத்தியானம்னு எழுதிருக்கீங்க. ஒண்ணு போட்டுக் காட்டுங்க. அதுக்கப்புறம் நீங்க எழுதறத நான் படிக்கறேன்.”

“கோவமா?”

“கோவம்லாம் இல்லைங்க. எனக்கு வேல இருக்குது. தோரணத்துக்கு இன்னும் பதினெட்டு பூ போடணும்.”

அன்று காலைதான் பல் டாக்டரிடம் போன அனுபவத்தை எழுதி அவள் பார்வைக்கு வைத்திருந்தேன். அவள் அதைக் கிழிக்கவில்லை, எறியவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, நூலும் ஊசியும் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவை அதன் மேல் வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் டப்பாவுக்கு அடியில் என் கையெழுத்து ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டின் அமைப்பையும் சொல்ல வேண்டும். நான் எழுதும் அறைக்கு ஒரே கதவு. அது கூடத்தில் திறக்கும். கழிப்பறை கூடத்துக்கு அந்தப் பக்கம். மூன்று பெண்களையும், பாயில் பரப்பிய நூலையும் தாண்டாமல் அங்கே போக வழி இல்லை. கட்டுரை வருவதற்கு முன் சாதாரணமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். வந்தபின் முடியவில்லை. மூன்று மணிக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அவர்கள் டீ குடிக்கும் சத்தம் கேட்கும்; எனக்கும் ஒரு தம்ளர் கதவோரம் வரும். அதைக் குடிப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வாரம், உள்ளே உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்து ரகசியமாகப் பழகினேன். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று ஊமையாக வைத்திருந்தேன். ஒரு பெண்ணின் பத்து விரல்களும் பேசாமல் என்னென்னவோ செய்தன. கடைசியில் அவளிடம் பூ இருந்தது. என் ஆட்காட்டி விரலில் நூல் ஏழு சுற்றுச் சுற்றி, விரல் நுனி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பல்லால் கடித்துத்தான் விடுவித்தேன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, மானத்தை விட மூத்திரம் பெரியது என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வரும்போது என் அறை வாசலை மறித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதன் மேல் ஒரு நூல்கண்டும் ஊசியும் இருந்தன.

“உக்காருங்க சார்,” என்றார் அக்கா. “ஆறு சங்கிலி போடுங்க.”

செய்முறை கேட்பதற்குச் சுலபம். ஆறு சங்கிலிக் கண்ணி போட்டு, முதல் கண்ணியில் ஊசியை விட்டு வளையமாக்க வேண்டும். வளையத்திலிருந்து மூன்று சங்கிலி ஏறி, நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி வளையத்துக்குள் விட்டு எடுக்கும் நீளத் தையல் மூன்று போட்டு, மறுபடி மூன்று சங்கிலியால் இறங்கி, வளையத்திலேயே பூட்ட வேண்டும். அது ஓர் இதழ். அதே மாதிரி ஐந்து. கடைசியில் நூலை அறுத்து, முனையை இழுத்துவிட்டால் பூ.

எனக்கு முதல் சங்கிலியிலேயே ஊசி மறுபடி உள்ளே போகவில்லை. முப்பது வருடம் பெட்டி கட்டிய கை. கயிறு என்றால் அசையக்கூடாது என்றுதான் அதற்குத் தெரியும். நான் போட்ட ஒவ்வொரு கண்ணியும் கும்மிடிப்பூண்டி வரை லாரியில் போனாலும் அவிழாது.

அக்கா என் கையை எட்டிப் பார்த்தார். “நூல கைது பண்ணாதீங்க சார். கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாங்க, போதும்.”

“பார்சல் போடறாரு அக்கா,” என்றாள் கண் வரைகிற பெண். “கம்பெனில கத்திரி இல்லாம சார் கட்டுன பெட்டிய யாரும் பிரிச்சதே இல்ல.”

மனைவி அந்தப் பதினெட்டில் பதினொன்றாவது பூவில் இருந்தாள்.

மறுநாள் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்கள் “சார், இன்னிக்கி மல்லியா, சாமந்தியா?” என்று கேட்டார்கள். அங்கேயும் தப்பிக்க இடம் இல்லை. போட்டேன், அறுத்தேன், மறுபடி போட்டேன். நாலாவது வாரக் கடைசியில் நாலு இதழ் ஒழுங்காக வந்தது. ஐந்தாவதை வளையத்தில் பூட்டாமல், முதல் இதழின் காலோடு சேர்த்துப் பூட்டிவிட்டேன். மற்ற நாலும் சபையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அது மட்டும் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்தது.

“அந்த ஒண்ண மட்டும் பிரிங்க சார். ஊசிய உருவிட்டு நூல இழுத்தா வந்துடும்,” என்றார் அக்கா.

இழுத்தால் அது அந்த இதழோடு நிற்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. “வூட்டுக்குப் போயி பிரிச்சிக்கறேன்க்கா” என்று வாய் தவறிச் சொன்னேன்.

“இதுதான் சார் வூடு.”

அறைக்குள் போய் நூலை அறுத்து, முனையை முடிச்சுப் போட்டு, பூவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பீங்கான் ஊர்க்காரனுக்கு மட்டும் வரக்கூடிய யோசனை அப்போதுதான் வந்தது. எங்கள் கம்பெனியில் நடனப் பெண் பொம்மைக்குப் பாவாடைக் கொசுவம் வைக்க, வலைத்துணியை நீர்த்த களிமண் கரைசலில் முக்கி ஒட்டிச் சூளைக்குள் வைப்பார்கள். துணி எரிந்து போய்விடும். கொசுவம் மட்டும் பீங்கானாக நிற்கும். பூவையும் அப்படி முக்கினால், கரைசல் கோணலை மூடிவிடும். நூலும் எரிந்துவிடும். எந்தக் கண்ணியை எங்கே பூட்டினேன் என்பதற்குச் சாட்சி இருக்காது.

முக்கினேன். காய வைத்தேன். அகல் விளக்குகளுக்கு நடுவில், சூளைத் தட்டில் ஓர் ஓரமாக வைத்தேன். சூளைக் கதவை மூடிவிட்டால், வெந்து ஆறும் வரை யாருக்காகவும் திறக்க மாட்டார்கள். இரண்டு நாள் அது உள்ளே இருந்தது. இரண்டு நாளும் எனக்கு அதன் மேல் ஒரு சொந்தக்காரப் பாசம்.

சூளை பிரித்த அன்று, தட்டில் பூவைக் காணோம். மதியம் கண் வரைகிற பெண் என் மேசைக்கு வந்தாள்.

“சார், இது உங்க பூவா? செக்கிங்ல கழிச்ச கூடைல கெடந்துச்சு.”

“என்னுதுன்னு எப்படித் தெரியும்?”

“அஞ்சாவது எதழு சார்.”

கையில் வாங்கிப் பார்த்தேன். கொஞ்சம் சுருங்கியிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கண்ணி விடாமல், நான் செய்த ஒவ்வொரு தப்பும் அதில் இருந்தது. நூலில் இருந்தவரை அந்தத் தப்பு தற்காலிகப் பணியாளர். சூளைக்குப் போய் வந்ததும் பணி நிரந்தரம் ஆகிவிட்டது.

இருந்தாலும் மனைவியிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்தாள். நகத்தால் தட்டினாள், ‘ணங்’ என்றது.

“நூலா இருந்தா ஒரு இழுப்புல பிரிச்சிருக்கலாம். இப்ப ஒடைக்கத்தாங்க முடியும்,” என்றாள். உடைக்கவில்லை. அலமாரியில், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிஸ்கட் டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, டப்பாவைத் தூக்கிப் பல் டாக்டர் கட்டுரையை எடுத்தேன். நானே வெட்டி அனுப்பிவிடலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தேன். முதலிலிருந்து கடைசி வரை மூன்று முறை படித்தேன். எல்லாப் பத்தியும் நன்றாக இருந்தது. எதை எடுப்பது என்று ஒரு இடத்தில்கூடத் தோன்றவில்லை. பேனாவை மூடி, காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, டப்பாவின் கீழ் முன்பு இருந்த அதே கோணத்தில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு யாரும் கூப்பிடாமல் நானே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வியாழனும். சனிக்கிழமை ஐந்தாவது இதழை மறுபடி தப்பான இடத்தில் பூட்டினேன். எனக்கே தெரிந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தேன். சர்ரென்று ஒரு இதழ் காணாமல் போனது. நூல் நாலாவதின் காலில் வந்து தானாக நின்றது. மற்ற நாலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் இரண்டு வாரமாகப் பயந்தது இதற்குத்தான்.

மறுபடி போட்டேன். ஐந்தும் சபையைப் பார்த்தன. ஒன்று மற்றதை விடக் கொஞ்சம் குண்டு. மனைவி அதை வாங்கி, தோரணத்தின் கடைசியில், கதவைத் திறந்தால் மறைகிற இடத்தில் வைத்துத் தைத்தாள். பிறகு எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். டப்பா நகரும் சத்தம் கேட்டது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

“பல்லுல பஞ்சு வச்ச பத்தி எதுக்குங்க?” என்றாள்.

அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது.

இந்தக் கட்டுரையையும் முதலில் அவள்தான் படித்தாள். இரண்டு பத்தி போயிற்று. அக்காவைப் பற்றியும் இருக்கிறதே, அவரும் பார்த்துவிடட்டும் என்று அவளே சனிக்கிழமை வகுப்பில் கொடுத்தாள். அக்கா ஊசியைக் கீழே வைத்து, கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் படித்தார். மடித்து என்னிடம் நீட்டினார்.

“நல்லாத்தான் இருக்குது சார். இத எழுத எவ்ளோ நாளு ஆச்சு?”

“மூணு வாரம்க்கா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கைகளைப் பார்த்தார்.

“ரெண்டு கையும் நல்லாத்தான சார் இருக்குது உங்களுக்கு?”