பெயருக்கு முன்னால் ஒரு சொல்

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அச்சகத்திலிருந்து வந்த பத்திரிகை மாதிரியை அண்ணன் மகன் போனில் காட்டினான். என் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று இருந்தது. வீட்டுப் பெரிய பெண்கள் எல்லோருக்கும் அப்படியே போட்டுவிட்டார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சமையலறைக்குப் போனேன், வந்தேன், மடித்த துணியையே திரும்பவும் மடித்தேன். எங்கள் சிட்லபாக்கத்தில் பாதி வீட்டுக்கு அந்தப் பத்திரிகை போகும். இல்லாத புருஷனுக்கு நான் பெண்டாட்டியாகிவிடுவேன். சாயங்காலம் அண்ணன் மகன் அச்சகத்துக்குச் சரி சொல்லப்போகிறான் என்று தெரிந்ததும் அவன் எதிரில் போய் நின்றேன்.

"எனக்கு அந்தத் திருமதி வேண்டாம்ப்பா."

"செல்வின்னு போட்டா, ரெண்டு கல்யாணப் பொண்ணான்னு கேப்பாங்க அத்தை," என்று மணப்பெண் சிரித்தாள்.

"இங்கிலீஷ் பக்கத்துல?"

"அதுல ஆனவங்களுக்கும் ஆகாதவங்களுக்கும் 'Ms.'னு ஒரே வார்த்தை போட்டுக்கலாம்," என்றான் அவன்.

"தமிழ்ல அப்படி இல்லையா?"

"யாரும் போட்டுப் பார்த்ததில்லையே."

"அப்ப பேரை மட்டும் போடு."

"எல்லாருக்கும் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லன்னா, விட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க அத்தை."

"நினைக்கட்டும்," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

திருத்திய மாதிரி வரும்வரை, அவன் போன் அடித்தபோதெல்லாம் கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தேன். வந்ததும் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பெயர் மட்டும் இருந்தது. அச்சடிக்கச் சொன்னேன். மண்டபத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை அப்போதே பிடித்துக்கொண்டது.