எட்டும் ஏ-யும்

மெயில் சர்வர் விழுந்தால் அந்தச் செய்தி எனக்கு டெலிபோனில்தான் வரும். நான் பெங்களூரில், மல்லேஸ்வரம் அலுவலகத்தில் இருந்தேன். சர்வர் ரிச்சர்ட்ஸ் டவுனில், கம்பெனியின் பழைய கட்டடத்தில் இருந்தது. இணைய லைன் அங்கேதான் வந்தது. டெலிபோன் போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு ஏசி, சர்வர், கருப்புத் திரை. போர்டில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அக்காதான் கூப்பிடுவார்.

"என்னம்மா, உன் வீட்டுக்காரர் மறுபடி மயக்கம் போட்டுட்டாரு."

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சர்வரைத்தான் அப்படிச் சொல்வார்.

பெரும்பாலும் காலை பத்தரைக்கு விழும். எல்லாரும் அலுவலகம் வந்து, காபி குடித்துவிட்டு, ஒரே சமயத்தில் மெயிலை இறக்கும் நேரம் அது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் செத்துப்போகும்போது தன் கடைசிச் சொற்களைத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அதை டிஸ்க்கில் பதிந்து வைக்கக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. அந்தச் சொற்களில் எட்டு இடங்கள் கொண்ட ஓர் எண் வரும். இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்த எண். சிஸ்டம் எந்த இடத்தில் செத்தது என்று அது சொல்லும். ரீசெட் பட்டனை அழுத்தினால் அது போய்விடும். நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கும்வரை மெயிலுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதனால் அக்கா நீளமான ஒயர் போட்ட டெலிபோனை உள்ளே இழுத்துப் போய் எண்ணைப் படிப்பார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன், பிறகு பட்டனை அழுத்துவார்.

மூன்று முறை விழுந்தது. என் நோட்டில் மூன்று வெவ்வேறு எண்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் செத்தால் பெரும்பாலும் மெமரி கோளாறு. அப்படித்தான் படித்திருந்தேன். மேனேஜர் சாரிடம் வாதாடிப் புது மெமரி வாங்கிப் போட வைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி விழுந்தது. நான்காவது எண்.

சார் கூப்பிட்டார். கன்னடக்காரர், என்னிடம் கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார். "நோடம்மா, இங்க பாரு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். அப்பவும் விழுந்தா மெயிலை வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடறேன். நீ பழையபடி பிரிண்டர் வேலைக்கே போயிடு."

பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒரு வருஷம் பிடுங்கிய பிறகுதான் சர்வர் என் கைக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், எட்டு வயதிலேயே சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அதனால் எழுத்து விஷயத்தில் நான் தப்புச் செய்வேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெமரி மாற்றியும் விழுகிறது என்றால் எண்களே தப்பு, தப்பாகப் படித்தது அக்காவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை நேரில் போனேன். போர்டில் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. "லைன்ல இருங்க சார்... மேடம் மீட்டிங்ல இருக்காங்க..." என்று பேசிக்கொண்டே அக்கா எனக்கு நாற்காலியைக் காட்டினார். உட்காராமலே கேட்டேன்.

"அக்கா, நம்பரைச் சரியாப் பாத்துத்தானே படிச்சீங்க?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். டிராயரைத் திறந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். யார் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதிக் கிழித்துக் கொடுக்கும் சீட்டு. கார்பன் பிரதி புத்தகத்திலேயே தங்கும்.

"லைன்ல பேசுறது எதுவா இருந்தாலும் எழுதி வெச்சிடுவேன். அப்புறம் யாரும் சும்னே, காரணமில்லாம என்னைச் சொல்லக்கூடாது பாரு."

நான்கு சீட்டுகள், நேரம் போட்டு. நான்கிலும் ஒரே எண். பக்கத்தில் என் நோட்டைப் பிரித்து வைத்தேன். ஒரு நாள் ஏ எட்டாகியிருந்தது, இன்னொரு நாள் எட்டு ஏ ஆகியிருந்தது, பிறகு ஒரு டி, பி ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் சரியாக எழுதியிருந்தேன்.

"நான் ஏ-ன்னேன், நீ எயிட்டுன்னு எழுதிட்ட. படிச்ச பொண்ணு!" என்று சிரித்தார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சீட்டுகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. நாலா பக்கமும் மெயில் வரவில்லை என்று திட்டு. காதில் மணி. தனக்கு ஒரு அர்த்தமும் இல்லாத எட்டு எழுத்துகளை நான்கு முறை, ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதியிருந்தார். கடைசிச் சீட்டில், திரையில் மினுக்கிக்கொண்டிருந்த சின்னக் கட்டத்தையும் வரைந்து வைத்திருந்தார்.

"இது எதுக்குக்கா?"

"அதுவும் இருந்துச்சே."

நான்கு முறையும் ஒரே இடத்தில்தான் செத்திருந்தது. அப்படியானால் மெமரி மேல் குற்றமில்லை. எந்த எண் சிஸ்டத்தின் எந்தப் பகுதி என்று சொல்லும் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினேன். ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் பகுதி வந்தது. எல்லாரும் ஒன்றாக மெயில் கேட்கும்போது டிஸ்க்குக்கு அது தாங்காத அளவு வேலைகள் போகின்றன. டிஸ்க் போதும் என்று சொல்கிறது. அதைச் சமாளிக்கத் தெரியாமல் சிஸ்டம் விழுகிறது. புதிய பதிப்பில் திருத்தியிருந்தார்கள். அதைப் போடும்வரை, ஒரே சமயத்தில் டிஸ்க்குக்கு அனுப்பும் வேலைகளைக் குறைத்து வைத்தேன்.

கிளம்பும்போது அக்காவிடம் ஒரு ஏற்பாடு சொன்னேன். இனி இலக்கமெல்லாம் தமிழில், எழுத்தெல்லாம் இங்கிலீஷில்.

"எட்டு, ஏ," என்று சொல்லிப் பார்த்தார். "உன் காதுக்கு இது சரிதான்."

வியாழக்கிழமை பத்தரை தாண்டியது. வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு என் டெலிபோன் அடித்தது. அக்கா குரல். நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தேன்.

"உன் வீட்டுக்காரர்..."

"சொல்லுங்கக்கா!"

"நல்லா இருக்காரு. போர்டுல ஒருத்தரும் பேஜார் பண்ணல, போரடிக்குது. அதான் கூப்பிட்டேன்."

சாயங்காலம் அறிக்கையோடு சாரிடம் போனேன். படித்துவிட்டு, "அப்போ மெமரி எதுக்கும்மா மாத்தினோம்?" என்றார். லைனில் இரைச்சல் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் இரைச்சலும் இருந்தது.

"நான் ஏ-யை எட்டுன்னு எழுதிட்டேன் சார். ஆபரேட்டர் அக்காகிட்ட சரியா இருந்துச்சு. அறிக்கையில கீழே எழுதியிருக்கேன்."

கடைசிப் பத்தியைப் படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சரி, சர்வர் உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே எட்டுக்கு நானும் எங்க கன்னடத்துல எண்டுன்னே சொல்றேன். அதுவாவது உனக்குக் கேக்கும்."