டைரக்ட் பண்ணிய லிஃப்ட்

வேலை போய்விட்டது என்று கேட்டதும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனாலும் அதுதான் உண்மை.

புனேயில் ஐந்தாறு சூப்பர் மார்க்கெட் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடம் பராமரிப்பு டெக்னீஷியனாக இருந்தேன். ஏசி, ஃப்ரீசர், ஷட்டர், லிஃப்ட் என்று எது நின்றாலும் என் போன் அடிக்கும். கோந்த்வா வீட்டில் நான் சோற்றில் கை வைப்பதற்கும் ஊரின் மறுகோடியில் ஔந்த் கடையில் ஏதாவது நிற்பதற்கும் அப்படியொரு பொருத்தம். வியாபாரம் படுத்ததும் முதலில் சாகண் கடையை மூடினார்கள். அங்கிருந்து கழற்றியதை மற்ற கடைகளில் மாட்டி ஓட்டினோம். புதுச் சாமான் கேட்டால் பட்ஜெட் இல்லை என்று ஒரே பாட்டு.

எங்கள் தொழிலில் 'டைரக்ட் பண்ணுவது' என்று ஒன்று உண்டு. பாதுகாப்புக்காக வைத்த சுவிட்ச் கெட்டுப்போனால், அதைத் தாண்டி ஒரு துண்டு ஒயரைப் போட்டு மெஷினை ஓட வைப்பது. செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வோம். வாட்ஸாப் குழுவில் 'சாலூ ஹோ கயா', அதாவது ஓட ஆரம்பித்துவிட்டது என்று போட்டதும் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழும். அந்தக் கட்டைவிரல்களுக்கு ஆசைப்பட்டவன்தான் நானும்.

அப்படித்தான் ஔந்த் கடையின் சரக்கு லிஃப்டை டைரக்ட் பண்ணினேன். இழுத்து மூடும் கம்பிக் கதவு அதற்கு. கதவு முழுசாக மூடினால்தான் லிஃப்ட் நகர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சுவிட்ச், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அது உடைந்துவிட்டது. நாலு நாளைக்கு என்று ஒயரைப் போட்டேன். ஐந்து மாதம் ஆயிற்று. சுவிட்ச் வேண்டும் என்று நான் அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் 'லிஃப்ட் ஓடுகிறது, புகார் முடிந்தது' என்றே பதில் வந்தது.

அந்த லிஃப்டில் அதிகம் போய்வருவது மாவ்ஷி. கடையைக் கூட்டித் துடைப்பதும் காலி அட்டைப்பெட்டிகளை இறக்குவதும் அந்த அம்மாளின் வேலை. மராத்தியில் சித்தியை அழைப்பதுபோல எல்லோரும் அவரை மாவ்ஷி என்போம். ஒருநாள் என் கண்ணெதிரே அவர் ஒரு காலை உள்ளே வைக்கும்போது மேலே யாரோ பட்டனை அழுத்திவிட்டார்கள். கதவு திறந்தபடியே லிஃப்ட் ஒரு சாண் ஏறியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். செருப்பு மட்டும் லிஃப்டோடு மேலே போயிற்று. அவர் சிரித்தார். அன்றிலிருந்து காலையில் வண்டியை எடுத்தால் முதலில் ஔந்த் போய், மாவ்ஷி நல்லபடியாக நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற கடைகளுக்குப் போவேன்.

அதனால்தான், பராமரிப்பு வேலையை இனி வெளி காண்ட்ராக்டரிடம் கொடுக்கிறோம், நீங்கள் ஆறு பேரும் வேண்டாம் என்று ஆபீஸில் சொன்னபோது, லிஃப்ட் என் தலையை விட்டு இறங்கியதுபோல இருந்தது. வண்டியை எடுக்கும் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். அப்புறம் உறைத்தது. நான் போகிறேன், ஒயர் போகவில்லையே. அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி நாள் ஔந்த் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'எல்லாக் கருவிகளும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன.' கீழே என் கையெழுத்து. போட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்கும். அந்த லெட்டரைக் கொண்டுவந்தால் கோந்த்வாவில் ஒரு அபார்ட்மெண்டில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேனாவைத் திறந்தேன். மூடினேன். லிஃப்ட் பேனலுக்குப் போய் ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அதே காகிதத்தில் 'லிஃப்ட் ஓடாது. கதவு சுவிட்ச் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் கொதித்தார். "கணபதி பண்டிகைக்கு இன்னும் எட்டே நாள். சரக்கு எல்லாம் கீழே கிடக்கு. போற போக்குல பழி வாங்குறியா?"

"ஆள் மாட்டிக்கிட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

"இத்தனை நாள் மாட்டலையே!"

உனக்கு லெட்டரும் கிடையாது என்றார். வெளியே வரும்போது மாவ்ஷி மூன்று அட்டைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார். யாருக்காகப் பிடுங்கினேனோ அந்த அம்மாளே என்னை நிறுத்திப் பிடிபிடியென்று பிடித்தார். "போறது போற, ஓடுறதையும் நிறுத்திட்டா போவ, பாவு? என் முட்டி என்னத்துக்கு ஆகும்?" பாவு என்றால் தம்பி. அந்தக் கோபத்திலும் அதை விடவில்லை. கட்டுகளை வாங்கிக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றியபடி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

"ஏனுங்க, வேலையும் போயி லெட்டரும் போயி, சிரிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒயரை எடுத்துட்டேன்."

அவளுக்கு அந்தச் செருப்புக் கதை தெரியும். தட்டை எடுத்து வைத்தாள். "அப்ப சோத்தைத் தின்னுங்க" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் போனை வேறு அறையில் வைத்துவிட்டு இரண்டாவது முறை ரசம் கேட்டேன்.

மூன்றாம் நாள் மேனேஜரே கூப்பிட்டார். லெட்டர் தயார், வந்து வாங்கிக்கொள் என்றார். குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. போனேன். காண்ட்ராக்டரின் ஆள் புது சுவிட்சை மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஐந்து மாதம் நான் கெஞ்சிய சாமான், லிஃப்ட் நின்ற மூன்றே நாளில் வந்துவிட்டது. அதை இத்தனை நாள் வரவிடாமல் தடுத்தவன் நான்தான். எப்படியாவது ஓட வைத்துக்கொண்டே இருந்தேனே! ஆத்திரமாக வந்தது, என் மேல்தான் அதிகம்.

லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனேன். கம்பிக் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். கதவைக் குலுக்கிவிட்டு இன்னொரு முறை அழுத்தினேன்.

துடைப்பத்தோடு வந்த மாவ்ஷி என் பின்னால் நின்று பார்த்தார். "என்ன பாவு, திரும்பக் கெட்டுப்போச்சா?"

"இல்ல மாவ்ஷி," என்றேன். "இப்பத்தான் சரியாயிருக்கு."