கரண்ட் போவதற்குள்

கம்ப்யூட்டரில் ஊரைக் கட்டி, படை திரட்டி, எதிரியின் ஊரை அழிக்கும் ஆட்டம் எங்களுடையது. ஓசூரில் நான் பழகிய பிரவுசிங் சென்டரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் ஆட்டமும் போச்சு. அதனால் மதில் எழுப்பிக்கொண்டு உட்கார மாட்டேன். நாலு வீரர்கள் சேர்ந்ததுமே பாய்ந்துவிடுவேன்.

பெங்களூரில் ஆடிய முதல் பரிசுப் போட்டியிலும் அப்படித்தான் பாய்ந்தேன். தோற்றவன், இது ஆட்டமே இல்லை என்று கன்னடத்தில் கத்தினான். போட்டியை நடத்திய தமிழர் என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார். கரண்ட் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"இங்க ஜெனரேட்டர் இருக்குப்பா. அவசரக்குடுக்கை மாதிரி ஆடாம நிதானமா ஆடு."

"உங்க ஜெனரேட்டர நம்பி நான் வர்ல சார்."

அடுத்து உட்கார்ந்தவன் மதிலுக்கு முதல் கல்லை வைப்பதற்குள் அவன் ஊருக்குத் தீ வைத்தேன்.