ஐந்து வெள்ளி பெட்ரோல்

டொமினிக்கைப் பெட்ரோல் திருடன் என்று சொல்லிக் கம்பெனியைவிட்டு அனுப்பினார்கள். அவன் திருடவில்லை. இதை நான் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஒரு பிஸ்கட் கம்பெனி அது. நாகையா என்கிற நான் அங்கே ஸ்டோர் கீப்பர். டின்களை எண்ணி வேனில் ஏற்றிவிடுவது என் வேலை. டொமினிக் கிள்ளான் பக்கத்து டிரைவர். கிள்ளான் டவுன், மேரு, காப்பார் என்று கடைகடையாகப் போட்டுவிட்டு வருவான். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேச மாட்டான். வேனில் கண்ணாடிக்கு மேலே ஒரு மாதா படம். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு போகிற அவன் குணத்தைப் பார்த்து எனக்குப் பலமுறை எரிச்சல் வந்திருக்கிறது.

அப்போதெல்லாம் பெட்ரோலுக்குக் காசுதான். காலையில் கிளார்க் கோமதியிடம் காசு வாங்குவார்கள், மாலையில் ரசீதைக் கொடுப்பார்கள். அவள் அதைக் கம்பியில் குத்தி வைப்பாள். எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று ஒரு ஜீவனும் பார்த்ததில்லை.

தொண்ணூற்று மூன்றில் பெட்ரோல் கார்டு வந்தது. டிரைவர்களுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் இருதயம் எல்லாரையும் ஷெட்டில் நிறுத்தி விளக்கினார்.

“இனிமே காசு கிடையாது. கம்பெனி வண்டிக்கு ஒரு சொட்டு ஊத்துனாலும் கார்டுலதான் ஊத்தணும். எந்த ஸ்டேஷன், எத்தன மணி, மீட்டர் எவ்வளவு, எல்லாம் மாசக் கடைசியில கம்ப்யூட்டர்ல வந்துரும். ஒழுங்கா இருக்கறவனுக்கு என்ன பயம், சொல்லுங்க லா?”

நானும் சரிதானே என்றுதான் நினைத்தேன். இரண்டு டிரைவர்கள் காலி டின்னில் பெட்ரோல் பிடித்து விற்பது எனக்கே தெரியும். கார்டு வந்த பிறகு அந்த வியாபாரம் நின்றது. அதை மறைக்க நான் தயாராக இல்லை.

டொமினிக் மட்டும் அடுத்த திங்கட்கிழமை கோமதியின் ஜன்னலில் ஐந்து வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு நின்றான். “அம்மா, சனிக்கிழம சொந்த வேலையா கொஞ்சம் சுத்திப் போனேன். முன்னெல்லாம் அதுக்கு என் காசுலயே ஊத்திக்குவேன். இப்ப கார்டுலதான் ஊத்தணுமாம், ஊத்திட்டேன். இத வச்சிக்கோ.”

“அங்கிள், காசுப் பெட்டியவே எடுத்துட்டுப் போயிட்டாங்க. வாங்கி நான் எங்க போடறது? அஞ்சு வெள்ளிதானே, விடுங்க லா.”

“கம்பெனி எண்ணெய்ம்மா.”

அவள் வாங்கவில்லை. அவன் நோட்டை மடித்து வேனில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். ஒவ்வொரு வாரமும் இதே கதை. பிழைக்கத் தெரியாதவன் என்று நான் கிண்டல் செய்தேன்.

மூன்றாவது மாதம் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். சரக்கு எந்தெந்தக் கடைக்குப் போகிறது என்று கேட்க என்னையும் கூப்பிட்டார். இருதயமும் கோமதியும் உள்ளே இருந்தார்கள்.

“சனிக்கிழமைதோறும் சுங்கை பூலோவில் பெட்ரோல் ஊற்றியிருக்கிறாய். அங்கே நமக்கு ஒரு கடை உண்டா?” என்று மேனேஜர் மலாயில் கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இருதயம் டொமினிக்கின் பக்கம் திரும்பினார். “அங்க உனக்கு யாரு இருக்கா? அங்க இருக்கறது அந்த நோயாளிங்க ஆஸ்பத்திரிதானே?”

டொமினிக் சட்டென்று மறுத்தான். “யாருமில்ல. அங்க நர்சரியில பூந்தொட்டி ஏத்தி வெளியில இறக்கிக் கொடுத்தேன். கைச்செலவுக்கு.”

கோமதியால் பொறுக்க முடியவில்லை. “சார், அங்கிள் எங்கிட்ட காசு கட்ட வந்தாரு. நான்தான் வாங்கல.” டொமினிக்கும் வேனுக்குப் போய்ப் படத்துக்குப் பின்னால் இருந்த நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் தப்பு என்று தெரிந்தேதான் செய்திருக்கிறாய்” என்றார். கார்டு வந்த புதிது. யாரையாவது பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவனைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிடிபிடியென்று பிடித்தேன். “தொட்டியாவது மண்ணாவது! நீ ஏத்தல. தெனம் நான் டின் ஏத்தற வேனு, அதுல ஒரு துளி மண்ணு நான் பாத்ததில்ல. யாருக்காகடா பொய் சொன்ன?”

தேத்தண்ணீரை ஓரமாக நகர்த்தி வைத்தான். பிறகு சொன்னான்.

அவனுக்கு பிலோமினா என்று ஓர் அக்காள். காப்பார் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தபோது, பதினாறு வயதில் அவளுக்குத் தொழுநோய் வந்தது. சுங்கை பூலோ குடியிருப்பில் கொண்டுபோய் விட்டார்கள். எஸ்டேட் வீட்டு வரிசையான லயத்தில் கேட்டவர்களிடம் அப்பா, பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று சொன்னார். சொன்னதை நம்பவைக்க மாதா கோயிலில் அவள் பெயரில் இறந்தவர்களுக்கான பூசையும் வைத்தார். நோய் எப்போதோ குணமாகிவிட்டது, விரல்கள்தான் போய்விட்டன. அவள் அங்கேயே பூச்செடி வளர்த்துப் பிழைத்தாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் செத்தவர்கள் வரிசையில் அவள் பெயரை வாசிப்பார்கள். டொமினிக் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான். அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல அவளைப் பார்க்கப் போவான்.

அவன் மனைவிக்கே தெரியாது. மகள் வெரோனிகாவுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம். மாப்பிள்ளை, இருதயத்தின் சொந்த அக்காள் மகன்.

“இருதயத்து எதிர்ல நான் எப்படிண்ணே சொல்வேன்? சொல்லியிருந்தா வேல இருந்திருக்கும். எம்பொண்ணு கல்யாணம் நின்னுருக்கும்” என்றான்.

கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் பயந்தேன். நிற்கவில்லை. “பெட்ரோல்ல கை வைக்காத டிரைவர் எங்க இருக்கான்? இதுக்கெல்லாம் சம்பந்தத்த விடறதா?” என்று இருதயமே அக்காள் வீட்டில் பேசி முடித்தாராம். கிள்ளான் மண்டபத்தில் விருந்து நடந்தபோது டொமினிக்கின் தோளில் தட்டி, “சம்பந்தி, வெளிய காரெல்லாம் நிக்குது, பாத்து!” என்றார். மேஜையே சிரித்தது. டொமினிக்கும் சிரித்தான். திருடனிடம் பெண் எடுக்கலாம். குணமாகிவிட்ட ஒரு பெண்ணின் தம்பியிடம் எடுக்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை நானும் அவனோடு சுங்கை பூலோவுக்குப் போனேன். வேலை போன பிறகு அவனும் அன்றைக்குத்தான் அங்கே போகிறான். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

பிலோமினா வாசலில் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டார். “ஸ்டோர் அண்ணன்க்கா, நம்ம ஆளு” என்றான் டொமினிக். பிறகுதான் சிரித்தார். வெரோனிகாவின் கல்யாணப் போட்டோவைத் தொடவில்லை, அவனையே பிடித்துக்காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். “பொண்ணுக்கு நம்ம அம்மா மூக்கு” என்றார். நாங்கள் கொண்டுபோன கல்யாணக் கேக்கில் ஒரு துண்டு தின்றுவிட்டு வாசலை எட்டிப்பார்த்தார்.

“வேன் எங்க தம்பி?”

“ஒர்க்ஷாப்ல இருக்குக்கா.”

“நல்லா ஆகி வந்துருமில்ல?”

“வந்துரும்.”

புறப்படும்போது மடியிலிருந்து ஒரு நோட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்து எடுத்தார். ஐந்து வெள்ளி. அந்த ஐந்து வெள்ளி இத்தனை வருஷமும் யாருடைய காசு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“இந்தா, பெட்ரோலுக்கு. கம்பெனி எண்ணெய்ல என்னப் பாக்க வராதப்பா. என்னால உன்ன ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது.”

டொமினிக் வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் அதைக் கையிலேயே வைத்திருந்தான். கண்டக்டர் வந்து நின்றபோது மறு கையால் சட்டைப் பையைத் துழாவிச் சில்லறை தேடினான்.