வரும்போது மட்டும் நிற்கும் வேன்

காலை ஏழே முக்காலுக்குப் போன் வந்தது. அப்போதுதான் ஒர்க்ஷாப் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன்.

"பாய், வண்டி மறுபடி நின்னுருச்சு. கொடைரோடு தாண்டி, நடு ரோட்டுல. லாரி ஒண்ணு உரசிட்டுப் போயிருச்சு பாய்."

செல்வராணியின் குரல் அது. பின்னணியில் லாரிகளின் ஹாரன் காதைக் கிழித்தது.

"பாப்பா?" என்று கேட்டேன்.

"இருக்கா. ஒண்ணும் ஆகல. ஓரமா நிக்க வச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டு ஷட்டரை மறுபடி இறக்கினேன். முப்பத்தோரு வருஷமாகத் திண்டுக்கல்லில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். எத்தனையோ வண்டி என் கையை விட்டுப் போய் மறுபடி நின்றிருக்கிறது. ஆனால் இந்த வண்டியில் தன் பிள்ளையை ஏற்றலாமா என்று என்னிடம் ஒரு தாய் கேட்டிருந்தாள். "தைரியமா கூட்டிட்டு வா" என்று சொன்னவன் நான். அதுவும் இரண்டு தடவை.

முதல் தடவை

செல்வராணிக்குக் கொடைரோடு பக்கம் ஒரு கிராமம். கணவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், வண்டி ஓட்டுவது இவள்தான். பழைய பெட்ரோல் வேன். தினமும் காலையில் மகள் யாழினியைத் திண்டுக்கல்லில் பள்ளிக்கூடத்தில் விட வருகிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது என்று கொண்டு வந்தாள். நால்வழிச்சாலையில் எண்பதில் போகிற வண்டி அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் பெடல் மிதிக்க முடியாமல் இறுகிவிடும். பின்னால் வருகிறவனுக்கு நம் வண்டி நிற்கிறது என்பதே தெரியாது.

"எப்பப்ப நிக்கிது?" என்றேன்.

"தெனமும் நிக்கல பாய். அஞ்சாறு நாளைக்கு ஒருக்கா. திண்டுக்கல்லுக்கு வாரப்பதான் நிக்கிது. திரும்பிப் போறப்ப ஒருநாளும் நின்னதில்ல."

"வண்டிக்குத் திசை தெரியுமா தாயி? வடக்க பாத்தா மட்டும் நிக்குமோ?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்களும் சிரித்தார்கள். அவள் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

ஒரேயடியாகச் செத்துப்போன வண்டி எங்களுக்குச் சுலபம். கரண்ட் எங்கே போகவில்லை என்று டெஸ்ட் லாம்ப்பை வைத்துக்கொண்டே போனால் பிடித்துவிடலாம். விட்டுவிட்டு வருகிற ஃபால்ட்தான் உயிரை எடுக்கும். ஒர்க்ஷாப்புக்குள் வந்ததும் அது நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்கேனர் போட்டால் ஒரு குறையும் காட்டாது. செல்வராணியின் வேனும் அப்படித்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் போகிற வண்டி மாதிரி கழுவித் துடைத்து, மிதியடி காயவைத்து, அவ்வளவு சுத்தமாக வந்து நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி டெர்மினலைச் சுரண்டி இறுக்கினேன். சாவி போடுகிற சுவிட்ச் லூசாக இருந்தது, மாற்றினேன். எஞ்சினுக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற மெயின் ரிலேயைக் கழற்றி, என் வீட்டம்மாவின் முடி காயவைக்கும் மெஷினால் சூடாக்கிப் பார்த்தேன். சந்தேகமாக இருந்ததால் அதையும் மாற்றினேன். ஏசி, லைட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சின்னாளப்பட்டி வரைக்கும் போய் வந்தேன். ஒரு இருமல்கூட இல்லை.

"பாப்பாவை ஏத்திட்டு வரலாமா பாய்?" என்று கேட்டாள். தைரியமாகக் கூட்டி வரச் சொன்னேன்.

இரண்டாம் தடவை

ஒன்பதாம் நாள் வந்தாள். மறுபடியும் கழுவித் துடைத்த வண்டி.

"நேத்து அம்பாத்துரை கிட்ட நின்னுச்சு பாய். செத்த நேரத்துல அதுவா ஸ்டார்ட் ஆயிருச்சு."

அதுவாக எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நின்ற பிறகு என்ன செய்தாய், எதைத் தொட்டாய் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கோ மானப் பிரச்சினை. இவ்வளவு பார்த்தும் நின்றுவிட்டதே என்ற கோபத்தில் அவளைப் பேசவிடாமல் பானெட்டுக்குள் தலையை விட்டேன். எஞ்சின் சுற்றுவதை அளக்கிற கிராங்க் சென்சார், சூடு ஏறினால் படுத்துக்கொள்வதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதுதான் என்று முடிவுகட்டி மாற்றினேன்.

"இனிமே நின்னா எம் பேரை மாத்திக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அப்போதும் அவள் மகளைப் பற்றித்தான் கேட்டாள்.

நடுரோட்டில்

பைக்கில் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம், பின்னால் வந்த லாரிக்காரர் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே ஓடியது. வேனின் வலது பக்கக் கண்ணாடி போயிருந்தது. கதவில் நீளமாக ஒரு கோடு. யாரோ நல்லவர்கள் வண்டியைச் சர்வீஸ் ரோட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். யாழினி யூனிபார்மோடு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். ஒன்பது வயசுப் பிள்ளை. அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பைக்கை நிறுத்துவதைப் பார்த்ததும் செல்வராணி ஒரு காரியம் செய்தாள். ஓடிப்போய் வேனின் பின்கதவைத் திறந்து, உள்ளே இருந்து சாக்கு மூட்டைகளை இழுத்து இழுத்துக் கீழே போட ஆரம்பித்தாள். சம்பங்கியும் கோழிக்கொண்டையும். பூ வாடாமல் இருக்க நனைத்த சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின் சீட்டையே காணோம்.

"என்ன தாயி இது? சீட்டு எங்க?"

"வீட்டுல இருக்கு பாய். உங்ககிட்ட வாரப்ப மாட்டிட்டு வருவோம்."

கோபம் உச்சிக்கு ஏறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கடைசி மூட்டையையும் இறக்கிவிட்டு, முன்னால் போய்ச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திண்டுக்கல்லுக்கு வரும்போது மூட்டை இருக்கிறது, நிற்கிறது. பூச்சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி, நிற்பதில்லை. அவள் முதல் நாளே சொன்னதுதான். நான்தான் திசையைப் பற்றிக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

"ஆஃப் பண்ணாத. ஓடட்டும்" என்றேன்.

வேனுக்குள் ஏறி, மூட்டைகள் இருந்த இடத்தில் ஈரத் தகட்டின்மேல் மண்டியிட்டேன். என் எடை தொண்ணூறு கிலோ. சீட்டு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே பெட்ரோல் டாங்க். அதன் தலையில், எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்புகிற பம்ப். அதற்கு மேலே தரையில் ஒரு தகட்டு மூடி. முட்டியை இப்படி வைத்தேன், ஒன்றுமில்லை. அப்படி வைத்தேன், ஒன்றுமில்லை. மூடியின் இடது ஓரத்தில் முட்டியை ஊன்றி லேசாகக் குலுங்கினேன். இரண்டு மூச்சு விடும் நேரம் எஞ்சின் ஓடியது. இருமியது. அணைந்தது.

முட்டியை எடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஓடியது. ஊன்றினேன். அணைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். வேலையில் இவ்வளவு சந்தோஷமும் இவ்வளவு அவமானமும் ஒரே நேரத்தில் எனக்கு வந்ததில்லை.

மூடியைக் கழற்றினேன். அடியில் இருக்க வேண்டிய ரப்பர் பட்டை எந்தக் காலத்திலோ போயிருந்தது. பம்ப்புக்குப் போகிற ஒயர் மூடியின் விளிம்பில் நசுங்கிக் கிடந்தது. பூச்சாக்கின் தண்ணீர் தினமும் அதில் இறங்கியிருக்கிறது. மேல்தோல் பார்க்க நன்றாகவே இருந்தது. கத்தியால் கீறினால் உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடிதான் இருந்தது. இரண்டே இரண்டு இழை பிடித்துக்கொண்டிருந்தது. கனமான மூட்டை சரியாக அந்த ஓரத்தில் அமர்ந்து, ரோட்டில் ஒரு குலுக்கலும் சேர்ந்தால் அந்த இழைகள் விலகும். மூட்டையை எடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் டாங்க் பக்கத்தில் நெருப்பு காட்டக்கூடாது. அதனால் ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, கெட்ட பாகத்தை வெட்டிப் புது ஒயரை லக் என்கிற செம்புக் குழாய் போட்டு நெரித்து இணைத்தேன். விளிம்பில் படாமல் சுற்றிக் கொண்டுபோய்க் கட்டினேன். அதற்குள் செல்வராணி ஒரு லோடு ஆட்டோவில் பூவை ஏற்றிவிட்டிருந்தாள்.

"பூ ஏத்துறேன்னு ஏன் தாயி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "போன வருசம் லைட் ரிப்பேருக்கு வந்தப்ப உள்ள ஈரமும் பூவுமா கெடந்துச்சு. எல்லாரு முன்னாடியும் திட்டுனீங்க. இது ஆளு ஏத்துற வண்டியா, சந்தைக்குப் போற மாட்டு வண்டியா, சரக்கு ஏத்துனா இந்தப் பக்கமே வராதன்னு. அதான் ஒவ்வொரு தடவையும் தொடச்சு, காயவச்சு, சீட்டு மாட்டி..."

நான் மறந்தே போயிருந்தேன். என்னைப் பொறுத்தவரை அது ஒரு நாள் எரிச்சல். அவளுக்கு அது என் ஒர்க்ஷாப்பின் சட்டம்.

"நாளைக்குப் பூவோட வா. சாக்கை நல்லா நனைச்சு, சீட்டு இல்லாம, எப்பவும் வர்ற மாதிரியே வா. பாப்பா பஸ்ல வரட்டும். நான் உங்க ஊருக்கு வந்து ஏறிக்கிறேன்" என்றேன்.

மூட்டைமேல் மூன்று நாள்

புது ரப்பர் பட்டை போட்டு மூடியை இறுக்கினேன். இரண்டு நாள் காலையில் பூ மூட்டைகளின்மேல் உட்கார்ந்து திண்டுக்கல் வரை வந்தேன். வேட்டியெல்லாம் ஈரம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடது ஓரத்தை வேண்டுமென்றே அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. மூன்றாம் நாள்தான் யாழினியை ஏறச் சொன்னேன். அப்போதும் அந்த இடது ஓரத்து மூட்டைமேல்தான் உட்கார்ந்தேன்.

லாரி உரசிய இடம் வந்தது. எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு யாழினி முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"மாமா, திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு தாயி."

"மூட்டைய இறக்குனா வண்டி ஸ்டார்ட் ஆயிரும்னு எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு தடவை பாத்தேன். பாய்கிட்ட சொல்லும்மான்னு சொன்னேன். அம்மாதான் வேணாம், சத்தம் போடுவாருன்னுச்சு."

"ஏய், பேசாம வா" என்றாள் செல்வராணி.

அல்லாதான் அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றினான் என்பது மட்டும் மனதுக்குள் ஓடியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஸ்கேனர் வாங்குங்கள், நல்ல மீட்டர் வாங்குங்கள். ஆனால் வண்டியைக் கொண்டு வந்தவர் உங்களிடம் பயப்படாமல் பேசுகிறாரா என்று முதலில் பாருங்கள். அந்தப் பிள்ளை அறிந்திருந்த ஃபால்ட்டை நான் இருபத்து மூன்று நாள் தேடினேன். அந்த இருபத்து மூன்று நாளும் அவள் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.