ஆடியை மறைத்து நான் அடித்த ஃபாரம்

தேன்மொழி மும்பையில் விசா இன்டர்வியூ முடிந்து வந்த மறுநாள், அவள் மாமனார் அங்கே கொடுத்த தாளை என் கீபோர்டு மேலேயே போட்டார்.

"என்னாம்மா எழுதுன நீ? விசா குடுக்கல. நெஜமான கல்யாணந்தான்னு இன்னும் ப்ரூஃப் வேணுமாம்."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருடமாக ஃபாரம் நிரப்புகிறேன். என் ஃபைல் திரும்பினால் எனக்குக் கோபம் வரும். முதலில் அந்தப் பெண் மேல்தான் வந்தது.

விஷயம் இதுதான். அவள் புருஷன் பிரகாஷ் அமெரிக்காவில் இருக்கிறான். சிட்டிசன் ஆனபிறகு பெண்டாட்டிக்கு மனுப் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்று காத்திருந்தான். சிட்டிசன் ஆனதும் நாற்பது நாள் லீவில் கீரப்பாளையம் வந்து கல்யாணம் செய்துகொண்டான். அப்போது ஆனி மாதக் கடைசி. பத்தாவது நாள் ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை ஆடியில் புருஷன் வீட்டில் விடுவார்களா? கடலூர் முதுநகரிலிருந்து அவள் அப்பா அம்மா சீரோடு வந்து அழைத்துப் போய்விட்டார்கள். ஆடி முடிவதற்குள் அவன் லீவு முடிந்துவிட்டது.

சேர்ந்து வாழ்ந்த முகவரி எது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு. பத்து நாள் என்று எழுதினால் டூப் கல்யாணம் என்று நினைப்பார்கள் என்று நானே முடிவுகட்டி, நாற்பது நாளும் கீரப்பாளையத்தில் இருந்ததாக அடித்துவிட்டேன். மெயிலில் அனுப்பியதைப் பிரகாஷ் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். தேன்மொழியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் மாமனாரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காப்பி குடுத்தேனே, படிச்சிட்டுப் போக மாட்டியா?" என்று அவர் பின்னால் நின்ற தேன்மொழியிடம் கத்தினேன்.

"ரயில்ல படிச்சேங்க்கா. ஆனா அங்க கையத் தூக்கி சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டு எப்படிக்கா பொய் சொல்றது? பத்து நாள் மாமா வீடு, அப்பறம் அம்மா வீடுன்னேன். ஏன்னு கேட்டாங்க. ஆடின்னேன். அந்த ஆபீசரம்மா ஃபாரத்தையே திருப்பித் திருப்பிப் பாத்துச்சு."

பொய் சொன்னது நான். சத்தியம் செய்தது அவள்.

"சரி, ஆடியில ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்லியா?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். "இல்லக்கா."

எனக்குப் புரிந்தது. "அண்ணே, அஃபிடவிட் போடணும், ஒரு ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் தேன்மொழி போனைத் திறந்தாள்.

ஐந்து நாள் சந்தித்திருக்கிறார்கள், வடலூரில். அவன் சேத்தியாத்தோப்பு வழியாக, இவள் குறிஞ்சிப்பாடி வழியாக, ஆளுக்கு ஒரு பஸ். பேங்க் வேலை என்று அவனும், டெய்லர் கடை என்று இவளும் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வள்ளலார் தருமசாலைப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற படம். ஒரே குடையில் நிற்கிற படம். எல்லாவற்றிலும் தேதி இருந்தது. கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அந்த முகங்கள் கிடைக்காது.

"இத வச்சா போதும்டி" என்றேன்.

"வேணாங்க்கா. மாமா பாத்தா மானம் போயிடும். ஆடியில ஓடி ஓடிப் பாத்தவன்னு காலம் பூரா சொல்லுவாங்க."

"அப்ப காலம் பூரா இங்கியே இரு. அவன் அங்க இருக்கட்டும்."

கடுமையாகத்தான் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

இந்த முறை உள்ளதை உள்ளபடி அடித்தேன். ஆடியில் பிரித்து வைக்கும் வழக்கம், சேர்ந்து இருந்த பத்து நாள், வடலூர் ஐந்து நாள், ஃபாரத்தில் தப்பாக எழுதியது நான் என்பது, எல்லாம். வழக்கம் உண்மைதான் என்று குடும்பப் பெரியவராக மாமனார் கையெழுத்துப் போட வேண்டும். அவர் முன்னால் தமிழில் படித்துக் காட்டினேன். வடலூர் வந்ததும் தேன்மொழி தரையைப் பார்த்தாள்.

அவர் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினார்.

"பேங்க்ல கூட்டம் ஜாஸ்திப்பா, சாப்புடக்கூட இல்லன்னு வந்து சொன்னான். வூட்ல மறுபடியும் ஒரு எலை போட்டோம். அதையும் தின்னான் படுபாவி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மருமகளிடம் போனைக் கொடுத்தார்.

"உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். நானும் சொல்ல மாட்டேன்."

விசா வந்தது. ஆனால் அதற்குள் அடுத்த ஆடியும் போய்விட்டது. அந்த மாதங்கள் என்னால் போனவை. அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. நாற்பது நாள் என்று அடித்தேன், நிறுத்தினார்கள். உள்ளபடி பதினைந்து நாள் என்று அடித்தேன், விசா கொடுத்தார்கள். இப்போது கடைக்கு வெளியே ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறேன். யார் ஃபாரமோ அவர்கள் மட்டும் உள்ளே வர வேண்டும். மாமனார், மாமியார், அப்பா, அம்மா எல்லாரும் அந்த பெஞ்சில்.